லண்டன்காரரும் நார்வே மரமும்

'வந்த ஊரில் உழைத்து முன்னேறினார்' வகைக் கதைகளைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். அந்த வரிசையில் ஜேம்ஸ் கொலெட்டையும் சுலபமாகச் சேர்த்துவிடலாம். 1655இல் லண்டனில் பிறந்தவர். 1683இல் கிறிஸ்டியானியாவுக்கு, அதாவது இன்றைய ஒஸ்லோவுக்கு, வந்து மர வியாபாரத்தில் பெரும்புள்ளி ஆனவர். 1666இல் லண்டன் எரிந்தபோது அவருக்கு வயது 11. ஊரைத் திரும்பக் கட்ட நார்வே மரம்தான் கப்பல் கப்பலாகப் போனது. லண்டன் தீயில் நார்வேக்காரர்கள் நன்றாகக் குளிர்காய்ந்தார்கள் என்று அங்கே ஒரு பேச்சே உண்டு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்!

சரி, கொலெட் என்ன கொண்டுவந்தார்? கோடரி இல்லை. மரம் வெட்டியவர்கள் உள்ளூர் விவசாயிகள். பனிக்காலத்தில் வெட்டி, குதிரை கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்து, கட்டையில் சொந்தக்காரரின் குறியைக் கோடரியால் பதித்து அடுக்கி வைப்பார்கள். பனி உருகி க்ளொம்மா ஆற்றில் வெள்ளம் வந்ததும் மிதக்கவிடுவார்கள். தண்ணீர் விசையில் ஓடும் மரம் அறுக்கும் பட்டறைகளில் அறுபட்ட பலகை, அடுத்த பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் துறைமுகத்துக்கு வரும். கடலில் பனிக்கட்டி விலகிய பிறகுதான் கப்பல். காட்டில் போட்ட பணம் லண்டனிலிருந்து திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். அதுவரை தாக்குப்பிடிக்க லண்டனில் வாங்குகிற ஆளும், உண்டியல் (பிற்பாடு பணம் கொடுக்கச் சொல்லும் வியாபாரச் சீட்டு) எழுதினால் செல்லுபடியாகிற பெயரும் வேண்டும். கொலெட்டிடம் இருந்த மூலதனம் அதுதான். அப்புறம் உள்ளூர் லொய்க் குடும்பத்தில் பெண் எடுத்தார். நிறுவனமும் 'கொலெட் அண்ட் லொய்க்' ஆனது.

விவசாயிக்கு அந்த மூலதனம் இல்லை. வியாபாரியிடம் முன்பணமும் தானியமும் வாங்கிக் கடனாளியானவர்கள் ஏராளம். 1688இல் அரசர் வேறு, காட்டைக் காக்கிறேன் என்று, உரிமம் பெற்ற பட்டறைகள் மட்டுமே ஏற்றுமதிக்கு அறுக்கலாம் என்றார். சின்னப் பட்டறை வைத்திருந்த விவசாயி ஓரங்கட்டப்பட்டார், நகரத்து வியாபாரிக்குக் கொண்டாட்டம். இதில் 'உழைப்பால் உயர்ந்தவர்' யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கொலெட் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கதவு திறந்தது அவருக்கு இல்லை, அவர் கையிலிருந்த லண்டன் சந்தைக்கு என்கிறேன். 1814இல் எய்ட்ஸ்வொல்லில் கூடி நார்வேயின் அரசியல் சாசனத்தை எழுதிய சபையில் அதே குடும்பத்து யோனாஸ் கொலெட்டும் ஒரு உறுப்பினர். ஆனால் கதவு எல்லாருக்கும் திறக்கவில்லை: அந்தச் சாசனத்தின் 2ஆம் பிரிவு யூதர்கள் நாட்டுக்குள் நுழையவே கூடாது என்றது. அந்தத் தடையை நீக்க 1851 வரை ஆனது.