மதுரா வேறு, மதுரை வேறு

சனிக்கிழமை அரங்கில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் பொறுத்திருந்தேன். அந்தக் காணொளியை வெட்டி, நான் கேள்வி கேட்டு விழிப்பதை மட்டும் ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கே நாலு பேர் அனுப்பிவிட்டார்கள். இனி எழுதாமல் என்ன?

ஆஸ்திரேலியாவின் டிங்கோ நாய் தமிழன் கப்பலில் போனது, மரபணுவே சாட்சி என்றார் பேச்சாளர். எந்த மரபணு என்று கேட்டேன். அவ்வளவுதான் என் குற்றம். "மதுரா குகையில் எலும்பு கிடைத்திருக்கிறதே, பெயரே சொல்லவில்லையா?" என்றார். கைதட்டல்! ஐயா, அந்தக் குகை ஆஸ்திரேலியாவின் தெற்கே, நல்லார்பர் சமவெளியில் இருக்கிறது. எலும்பின் வயது 3,000 ஆண்டுகளுக்குச் சற்று மேல். வைகை அந்தப் பக்கம் ஓடியதாகத் தகவல் இல்லை.

டிங்கோவைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது மனிதர்கள்தான். அதில் தகராறு இல்லை. ஆனால் 2004-இல் அதன் தாய்வழி மரபணுவை ஆராய்ந்தபோது அது கைகாட்டிய திசை கிழக்காசியா. நெருங்கிய உறவு, நியூ கினித் தீவின் 'பாடும் நாய்' என்ற இனம். நாயைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டால் அது சொல்வதை முழுதாகக் கேட்க வேண்டும். பாதியில் வாயைக் கட்டக் கூடாது.

"2013 ஆய்வை மறைக்கிறாயே" என்பீர்கள். மறைக்கவில்லை. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்திய மரபணு ஆஸ்திரேலியாவில் கலந்தது என்றது அது. 2016-இல் அந்நாட்டுப் பழங்குடி ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது தந்தைவழி வரும் மரபணுவைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடயம் அகப்படவில்லை. தவிர, அது மனித மரபணு, நாயுடையது அல்ல.

"எலி ஆராய்ச்சிக்காரர்" என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். இருக்கட்டும். என் அப்பா சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். சிறுவயதில் ஒருநாள், கப்பலைக் கட்டியிருந்த வடத்தில் குடையைக் கவிழ்த்தது போல மாட்டியிருந்த தகட்டைக் காட்டினார். எலி ஏறாமல் இருக்கவாம். "மனுசன் போற இடத்துக்கெல்லாம் அதுவும் டிக்கெட் இல்லாம வரும்" என்றார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. 1998-இல் பசிபிக் எலியின் மரபணுவை வைத்துப் பசிபிக் தீவு மக்களான பாலினீசியர்களின் படகு வழிகளைத் தேடியவர்கள் பிடித்ததும் அதே நூலைத்தான். நியூசிலாந்தில் எலி கொறித்த விதைகளின் காலத்தைக் கணித்தார்கள். கி.பி. 1280 வாக்கிற்கு முன்னால் எதுவும் இல்லை. எலி அங்கே 2,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்ற கணக்கு அதோடு ஆட்டம் கண்டது. கணக்குத் தப்பினால் திருத்திக்கொண்டார்கள், கேட்டவனைத் துரோகி என்று சொல்லவில்லை.

நான் தமிழ்ப் பகைவனாம்! தாய்லாந்தில் குவான் லுக் பட்டில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல்லில் 'பெரும்பதன் கல்', அதாவது பெரும்பதன் என்பவரின் கல், என்று தமிழ் பிராமியில் வெட்டியிருக்கிறது. எழுத்து கி.பி. 3, 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அந்தக் கல்லின் படத்தைப் பார்த்து அழுதவன் நான். கையில் அது இருக்கும்போது அடுத்தவர் நாயை எதற்கு இழுக்கிறோம்?

அடுத்த கூட்டத்திற்குக் கேள்விகளை முன்கூட்டியே துண்டுச் சீட்டில் தர வேண்டுமாம். நேற்றிரவு அறிவிப்பு வந்தது. தருகிறேன். கேள்வி அதேதான்.