குழந்தை எந்த பாஸ்போர்ட்டில் ஊர் திரும்பும்?

பிரிட்டனில் இருந்துகொண்டு கலிபோர்னியாவில் வாடகைத்தாய் ஏற்பாடு செய்கிறவர்கள் முதலில் விசாரிப்பது கிளினிக்கின் வெற்றி விகிதத்தை. முதலில் கேட்க வேண்டியது வேறு: அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?

கேட்கச் சங்கடம்தான். ஆனால் பிரிட்டிஷ் சட்டத்துக்கு, எந்த நாட்டில் பெற்றாலும் பெற்றவரே தாய். கருமுட்டை யாருடையது என்று அது பார்ப்பதில்லை. அவருக்குக் கணவர் இருந்தால் பெரும்பாலும் அவரே தந்தை. கலிபோர்னியா நீதிமன்றம் பிரசவத்துக்கு முன்பே உங்களைப் பெற்றோர் என்று ஆணை போடும், பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் பெயர்தான் வரும். லண்டனில் அந்த ஆணையால் நீங்கள் பெற்றோர் ஆகிவிட மாட்டீர்கள். வாடகைத்தாய் மணமாகாதவர், விந்து தந்தவர் பிரிட்டனிலேயே பிறந்த பிரிட்டிஷ் குடிமகன் என்றால் குழந்தையும் பிறப்பிலேயே பிரிட்டிஷ். மணமானவர் என்றால் உள்துறையில் குழந்தையைப் பதிவு செய்யக் கேட்க வேண்டும். 1981 குடியுரிமைச் சட்டம் 3(1) பிரிவில் அது உரிமை இல்லை, அதிகாரிகளின் முடிவு.

அதனால்தான் பலரும் அமெரிக்க பாஸ்போர்ட்டில் கூட்டி வருகிறார்கள். அதற்கு விண்ணப்பிக்கக் குழந்தையோடு பெற்றோர் இருவருமே நேரில் போக வேண்டும். லீவு முடிந்தது என்று ஒருவர் முன்னதாகவே விமானம் ஏறினால், நோட்டரி முன் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் இல்லாமல் மற்றவர் மாட்டிக்கொள்வார். அவசர பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட் பயணத்துக்கு முந்தைய 14 நாளுக்குள்தான் கிடைக்கும். அந்தப் பாஸ்போர்ட்டில் பிரிட்டனுக்குள் வர, பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத கைக்குழந்தைக்கும் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி வேண்டும். அமெரிக்காவில் பிறந்தாலே கிடைக்கும் குடியுரிமையைக் குறுக்கும் அதிபர் டிரம்ப்பின் 2025 ஜனவரி 20 ஆணை வழக்குக்குப் போனது. ஒப்பந்தம் போடும் வாரத்தில் அதன் நிலவரத்தை வக்கீலிடம் எழுத்தில் வாங்குங்கள்.

குறைமாதப் பிரசவம் ஆகி, குழந்தை இன்குபேட்டரில் இருந்தால்? விசா இல்லாமல் அமெரிக்கா போக உதவும் எஸ்டா அனுமதியில் போனவருக்கு 90 நாள், நீட்டிப்பு கிடையாது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரருக்கு எஸ்டாவே கிடையாது. விசா நேர்காணலுக்கான காத்திருப்பையும் கணக்கில் வையுங்கள். வாடகைத்தாயின் காப்பீட்டில் பிறந்த குழந்தையின் செலவு அடங்கும் என்று நம்பிவிடாதீர்கள். குழந்தைக்கான பாலிசியைக் கர்ப்ப காலத்திலேயே முடித்துவிட வேண்டும்.

பிரிட்டன் திரும்பினால் பேரன்டல் ஆர்டர், அதாவது உங்களைச் சட்டப்படி பெற்றோர் ஆக்கும் பிரிட்டிஷ் நீதிமன்ற ஆணை. சி51 படிவத்தில், குழந்தை பிறந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாமதத்தை நீதிமன்றம் மன்னித்த வழக்குகள் உண்டு, அதை நம்பிச் சும்மா இருக்க முடியாது. தம்பதியில் ஒருவருக்காவது குழந்தையோடு மரபணுத் தொடர்பு இருக்க வேண்டும். ஒருவருக்காவது பிரிட்டன் 'டொமிசைல்', அதாவது பிரிட்டனே நிரந்தர வாழிடம் என்ற சட்ட நிலை, வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். வேலை விசாவில் இருந்துகொண்டு, 'அஞ்சு வருஷம் சம்பாதிச்சுட்டு கோயம்புத்தூர் போயிடுவோம்' என்பவருக்கு வீடும் வரி ரசீதும் இருந்தாலும் டொமிசைல் இருக்காது. நிரந்தரமாக எங்கே வாழ எண்ணம் என்பதுதான் கேள்வி.

நியாயமான செலவுக்கு மேல் வாடகைத்தாய்க்குக் கொடுத்த பணத்தை நீதிபதி தனியாக அங்கீகரிக்க வேண்டும், ஆகவே முதல் டாலரிலிருந்தே ரசீது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் நாளிலேயே வாடகைத்தாயிடம் இந்த ஆர்டருக்கான சம்மதக் கையெழுத்து வாங்கி வைப்பவர்கள் உண்டு. பிறந்து 6 வாரம் ஆகும் முன் போட்டது செல்லாது. 6 வாரம் முடியும்போது நீங்கள் பிரிட்டனில் இருப்பீர்கள். அவர் வீட்டருகே ஒரு நோட்டரியை 7-வது வாரத்துக்கு இப்போதே பேசி வையுங்கள், கட்டணமும் உங்களுடையது.