கேட்க மட்டும் தெரிந்த வயர்லெஸ்

சோவியத் சினிமா என்று பேச்சு வந்தாலே ஐசன்ஸ்டீன், தார்க்கோவ்ஸ்கி என்று இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். இயக்குநர் மிக்கைல் கலதோசோவ் என்றால், 1958இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வாங்கிய ‘கொக்குகள் பறக்கின்றன’ மட்டும். அதே இயக்குநர், அதே ஒளிப்பதிவாளர் உருசேவ்ஸ்கி, அதே நாயகி சமோய்லோவா சேர்ந்து அடுத்து எடுத்த ‘அனுப்பப்படாத கடிதம்’ (1960) பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

வைரம் தேடி நான்கு பேர் சைபீரியக் காட்டில் இறங்குகிறார்கள். அவர்களை விட்டுவிட்டு ஹெலிகாப்டர் மேலெழும்ப, கையசைக்கும் உருவங்கள் சிறுத்துச் சிறுத்துப் புள்ளியாகின்றன. படம் தொடங்குவதே அப்படித்தான். 1954இல் சைபீரியாவின் யாகூத்தியாவில் லரீசா பொபுகாயெவா என்ற பெண் நிலவியலாளர் வைரப் பாறையைக் கண்டுபிடித்தார். அந்தக் காலத்துப் பரபரப்பு படம் முழுக்க இருக்கிறது.

படத்திலும் வைரம் கிடைக்கிறது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் காடு பற்றிக்கொள்கிறது. அப்புறம் புகை, சேறு, பனி. கேமரா அவர்களோடு சேர்ந்து ஓடுகிறது. எரிந்த கிளைகள் நம் முகத்தில் அடிப்பதுபோல் வந்து விலகுகின்றன. 1960க்கு முந்தைய கனமான கருவிகளை வைத்துக்கொண்டு இதை எப்படி எடுத்தார்கள் என்று இன்றும் எனக்கு மலைப்புதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது தீ அல்ல, வயர்லெஸ். அதில் வருவது கேட்கும். இவர்களால் பதில் சொல்ல முடியாது. நெருப்பு நடுவே நின்று, தங்களைப் பாராட்டும் குரலைக் கேட்கிறார்கள். உயிர் போகிறது என்று சொல்ல வழியில்லை. நாட்டுக்காக உழைத்தவர்களைப் புகழத்தான் இந்தப் படத்தை எடுத்திருப்பார்கள். சில வசனங்களில் அந்தப் பிரசங்க வாடை அடிக்கத்தான் செய்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இந்த ஒரு காட்சி, அந்தப் புகழ்ச்சி எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

நால்வரில் ஒருவனான, நடக்க முடியாத ஆந்திரேயை மற்றவர்கள் சுமந்துகொண்டு போகிறார்கள். தன்னால் அவர்களும் சாகக் கூடாது என்று அவன் ஓசைப்படாமல் எழுந்து போய்விடுகிறான். மற்றவர்கள் விழித்துப் பார்த்தால் ஆள் இல்லை. தான்யாவாக வரும் சமோய்லோவாவின் முகத்தை அங்கே பாருங்கள். அழுகைக்கும் முந்தைய ஒரு நிலை அது.

ஒன்றரை மணி நேரப் படம்தான். தயவுசெய்து போனில் பார்க்காதீர்கள். கிடைக்கிற பெரிய திரையில், விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.