மொய்க் கவரைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆர்க்காட்டில் நம் ஒன்றுவிட்ட சொந்தக்காரர் வீட்டுப் புதுமனை புகுவிழாவில் நடந்ததை நம் சொந்தத்தில் பாதிப் பேர் நேரிலேயே பார்த்தீர்கள். மீதிப் பேர் குடும்ப குரூப்பில் சுற்றிய ஆடியோவைக் கேட்டிருப்பீர்கள். அதனால் முழுவதையும் திரும்ப எழுதப் போவதில்லை. மொய் எழுதும் மேசையில் என் அம்மாவின் பெயரை நோட்டில் எழுதி, பிறகு எல்லோர் முன்னாலும் அதை அடித்து, "உங்க வூட்டுக் கல்யாணத்துக்கு நாங்க வேணாம், எங்க வூட்டுக்கு மட்டும் உங்க மொய் எதுக்கு?" என்று கவரை அவர் கையிலேயே திணித்தார்கள். அம்மா சாப்பிடாமல் பஸ் ஏறி வந்துவிட்டார்.

அவர்கள் சொன்ன கல்யாணம் என் தங்கச்சியுடையது. அதற்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று பட்டியல் எழுதியது நான். பெயர்களை அடித்ததும் நான். அம்மா ஒரு பெயரைக்கூட அடிக்கவில்லை. சொல்லப்போனால், நான் அடித்த பெயர்களை ராத்திரி எழுந்து பென்சிலால் திரும்ப எழுதி வைத்தவர் அவர். பட்டியல் என்னுடையது என்பது ஆர்க்காட்டு வீட்டுக்கும் தெரியும். தெரிந்தும் என்னிடம் கேட்காமல், எதிர்த்துப் பேசத் தெரியாத மனுஷியைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்.

கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விடுவது அவமரியாதை இல்லை. வாசல் ஏறி வந்தவரின் கவரைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவமரியாதை. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள்.

பட்டியல் எப்படி எழுதினோம் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வேணும்னே எங்களை ஒதுக்கினாங்க" என்ற பேச்சு குடியாத்தம் வரைக்கும் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் பீரோவிலிருந்து வெளியே வருவது பழைய மொய் நோட்டுகள். அப்பா அம்மா கல்யாண நோட்டு, என் கல்யாண நோட்டு, என் பையனுக்குக் காது குத்திய நோட்டு. அதிலுள்ள பெயர்களை வரிசையாக எழுதினாலே அறுநூறு தாண்டியது. 1989ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, பழைய வட ஆர்க்காடு இன்று நான்கு மாவட்டம். நம் சொந்தம் மட்டும் பிரியவே இல்லை. ஆம்பூரில் இருக்கிறார்கள், வாலாஜாவில், சோளிங்கரில், ஆரணியில், போளூரில் இருக்கிறார்கள். இத்தனை பேருக்கும் நேரில் போய்த்தான் பத்திரிகை வைக்க வேண்டும். போனில் சொன்னால் கணக்கில் வராது, வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பினால் அதுவே தனிப் புகார். தாம்பூலத் தட்டோடு வாசலில் நின்று "குடும்பத்தோட வரணும்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் வைத்துவிட்டு அதே தெருவில் இருக்கும் பங்காளி வீட்டைத் தாண்டி நடக்க முடியாது. கண்ணமங்கலத்தில் ஒரு பெயரைச் சேர்த்தால் ஆரணி போய்ச் சேர்வதற்குள் ஆறு வீடு சேர்ந்துகொள்ளும்.

தங்கச்சியும் மாப்பிள்ளையும் சொன்ன எண்ணிக்கை 120. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, குழந்தைகளையும் சேர்த்து. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் தாலி கட்டி, பக்கத்திலேயே காலைச் சாப்பாடு, அவ்வளவுதான். ரிசப்ஷன் இல்லை. மொய் வாங்குவதில்லை என்று பத்திரிகையிலேயே போட்டிருந்தோம். யாரைக் கூப்பிடுவது என்பதற்கு அவள் வைத்த விதியும் எளிமையானது. "என் பேர் தெரிஞ்சவங்க. நான் என்ன வேலை பாக்கறேன்னு தெரிஞ்சவங்க. விசேஷம் எதுவும் இல்லாத நாள்ல நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிச்சவங்க."

இந்த விதியை வைத்துப் பார்த்தபோது அப்பாவுடனும் அம்மாவுடனும் கூடப் பிறந்தவர்களின் குடும்பங்கள் நின்றன. ஒன்றுவிட்ட வரிசை முழுவதும் போனது. ஒருவரை வைத்து ஒருவரை விடவில்லை, வரிசையையே எடுத்தோம். ஆர்க்காடு வீடு அந்த வரிசையில் வருகிறது. என் நாத்தனாரின் புகுந்த வீட்டையும் விட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. மாப்பிள்ளை தன் மேலதிகாரியையே அழைக்கவில்லை. அவர்களில் யாரும் இன்றுவரை என் மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்று நியாயம் கேட்கவில்லை.

சரி, உண்மையான கோபம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "ஆட்டோக்காரருக்குப் பத்திரிகை, ரத்த சொந்தத்துக்கு இல்லையா?" ஆடியோவில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆமாம், ஆட்டோ அண்ணனைக் கூப்பிட்டோம். குடும்பத்தோடு வந்தார், முதல் பந்தியில் உட்கார வைத்தோம். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடந்த காலம் முழுவதும் விடிகாலையில் வந்து, மாடியிலிருந்து கைத்தாங்கலாக இறக்கி, ஆஸ்பத்திரியில் விட்டு, மதியம் திரும்ப வந்து ஏற்றி, மாடி வரைக்கும் கொண்டுவந்து விட்டவர் அவர். அப்பாவுக்கு வாந்தி வந்தால் வண்டியைக் கழுவியதும் அவர்தான். பல நாள் காசு வாங்கவில்லை. தங்கச்சி முதல் சம்பளம் வாங்கிய அன்று அப்பா முதலில் போன் போட்டுச் சொன்னது அந்த அண்ணனிடம்தான். ஆர்க்காட்டிலிருந்து வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீடு எவ்வளவு தூரம்? வேலூர் பஸ் எதில் ஏறினாலும் வந்துவிடலாம். அந்த நாட்களில் யார் ஏறினீர்கள், யார் ஏறவில்லை என்பது அம்மாவுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

இனி நான்கு பக்கமிருந்தும் வரும் பேச்சுகளுக்கு வருகிறேன்.

"காசை மிச்சம் பண்ணத்தான் சின்னதா முடிச்சாங்க." மொய் நோட்டு வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இந்தக் கணக்கு புரியும். அப்பா தன் வாழ்நாளில் மழை வெயில் பார்க்காமல் எத்தனை கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதியிருக்கிறார். அதெல்லாம் தங்கச்சி கல்யாணத்தில் திரும்பி வந்திருக்க வேண்டிய பணம். மொய் வேண்டாம் என்று சொன்ன அன்றே அத்தனையும் போய்விட்டது. அதே நேரத்தில் நாங்கள் திருப்ப வேண்டிய மொய்யை இன்றும் திருப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். என் கல்யாணத்தில் ஆர்க்காடு வீடு எழுதியது 1,001 ரூபாய். அம்மா கவரில் வைத்துக் கொண்டுபோனது 3,001. மகள் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை என்பதற்காக வாங்கிய கடனை விட்டுவிடக் கூடாது என்று சொல்லித்தான் தனியாகக் கிளம்பிப் போனார். அந்தப் பணத்தை நேற்று நானே கூகுள் பேயில் அனுப்பிவிட்டேன். திருப்பி அனுப்பினால் மறுபடியும் அனுப்புவேன். அப்பா பெயரில் அந்த வீட்டில் ஒரு ரூபாய்கூட பாக்கி இருக்க வேண்டாம்.

மிச்சம் பிடிப்பது என்ன அத்தனை பெரிய குற்றம் என்பதும் எனக்குப் புரியவில்லை. என் கல்யாணம் பெரிய மண்டபத்தில் நடந்தது. மாலை ரிசப்ஷனுக்கு மட்டும் எண்ணூறு பேருக்கு மேல். அப்பா சீட்டு எடுத்தார், அம்மாவின் நகையை அடகு வைத்தார், அதுவும் போதாமல் வட்டிக்கு வாங்கினார். கூட்டம் கூடிப்போய் மூன்றாவது பந்தியில் வாழையிலை தீர்ந்து பேப்பர் இலை போட்டோம். அந்தப் பேப்பர் இலையை இன்றைக்கும் ஒவ்வொரு விசேஷத்திலும் ஞாபகப்படுத்துகிறீர்கள். அப்பா கட்டிய வட்டியை ஒருவரும் ஞாபகப்படுத்தியதில்லை. சிறுநீரகம் கெட்டு அவர் படுக்கும்வரை அந்தக் கடன் ஓடியது. அதைப் பார்த்து வளர்ந்தவள்தான் என் தங்கச்சி. அவள் கல்லூரிப் பணம் கட்டப் போராடிய வருஷங்களில் எண்ணூறு பேரும் எங்கே இருந்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. 120 பேர் போதும் என்று மட்டும்தான் சொன்னாள்.

அப்புறம், "ஊர் கூடி வாழ்த்தினாத்தான் கல்யாணம், இல்லைன்னா அது திருட்டுக் கல்யாணம்." இதைச் சொன்னவர் வயதில் பெரியவர். இருந்தாலும் பதில் சொல்லத்தான் வேண்டும். 2020ல் கொரோனா காலத்தில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. அந்த வருஷம் நம் சொந்தத்திலேயே எத்தனை கல்யாணம் வீட்டு வாசலில் பந்தல் போட்டு நடந்தது? எங்களையும் கூப்பிடவில்லை. நாங்கள் போனில் வாழ்த்தினோம், அத்தோடு முடிந்தது. யார் மொய்யையும் யாரும் திருப்பவில்லை. அரசு எண்ணிக்கை சொன்னால் தலையாட்டுவீர்கள், கல்யாணம் செய்துகொள்கிற பெண் எண்ணிக்கை சொன்னால் திமிர் என்பீர்கள்.

சட்டமும் கூட்டத்தைக் கேட்கவில்லை. சுயமரியாதைத் திருமணத்துக்கு அங்கீகாரம் தரும் சட்டத்திருத்தம் அண்ணா ஆட்சியில் 1967லேயே நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அந்த முறைத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் நடந்ததோ கோயிலில், ஐயர் வைத்து, முறைப்படி நடந்த கல்யாணம். 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவும் செய்தாகிவிட்டது. பதிவு அலுவலகத்தில் சாட்சிகளின் கையெழுத்தைக் கேட்டார்கள். எத்தனை இலை விழுந்தது என்று கேட்கவில்லை.

ஒரே ஒரு வருத்தத்தை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன். போளூரில் இருக்கும் சின்னப் பாட்டி, "கண்ணு மூடறதுக்குள்ள ஒரு பேத்தி கல்யாணம் பாக்கலாம்னு இருந்தேன்" என்று போனில் அழுதார். அது நியாயமான வருத்தம். கல்யாணம் முடிந்த வாரமே தங்கச்சியும் மாப்பிள்ளையும் போய் அவர் காலில் விழுந்து, அவர் கையால் சாப்பிட்டு வந்தார்கள். இலவம்பாடிக் கத்தரிக்காய் வாங்கிவைத்துக் காரக்குழம்பு வைத்திருந்தார். அவருக்கும் பட்டியலில் இடம் இல்லைதான். ஆனால் அவர் யார் கவரையும் திருப்பவில்லை, யாரையும் சபையில் நிற்கவைத்துக் கேள்வி கேட்கவில்லை. வருத்தத்தை இப்படியும் காட்டலாம்.

"அப்பா இருந்திருந்தா இப்படி நடக்குமா?"

இதைக் கேட்ட அத்தனை பேருக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். இவ்வளவு நாள் பொதுவில் சொல்லாமல் இருந்தேன். அப்பா போன அடுத்த வருஷம் நம் சொந்தத்தில் ஒரு நிச்சயம். தட்டு மாற்றும் நேரத்தில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நீ கொஞ்சம் பின்னால போய் உக்காரும்மா" என்று ஒருவர் சொன்னார். யாருமே "ஏன்?" என்று கேட்கவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, சமையல்கட்டுப் பக்கம் போய் உட்கார்ந்தார். அன்று அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர்தான் இன்று "எங்களைக் கூப்பிடலை" என்று பேசுகிறார்கள். அந்த நிச்சயத்தில் தங்கச்சி என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். வீட்டுக்கு வந்ததும், "என் கல்யாணத்துல அம்மாவை எழுப்பற ஒருத்தரும் இருக்கக் கூடாது" என்றாள். 120 என்ற எண்ணிக்கை அன்றைக்கு முடிவானது.

விரிஞ்சிபுரத்தில் தாலித் தட்டை ஆசீர்வாதத்துக்கு எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் போனது என் அம்மா. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு போனார். நூற்றிருபது பேரும் தொட்டுக் கும்பிட்டார்கள். மாப்பிள்ளையின் பாட்டி தொட்டார், ஆட்டோ அண்ணனின் மனைவி தொட்டார். ஒரு முகமும் சுளிக்கவில்லை. அறுநூறு பேர் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள், நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். மேடைக்குக் கீழே ஒரு முணுமுணுப்பு கிளம்பியிருக்கும், யாராவது ஒரு சித்தி வந்து தட்டை வாங்கியிருப்பார், அம்மாவும் பேசாமல் கொடுத்துவிட்டு ஓரமாகப் போயிருப்பார். அதைத் தடுக்கத்தான் பெயர்களை அடித்தேன். மறுபடி எழுதச் சொன்னாலும் அதே பெயர்களைத்தான் அடிப்பேன்.

தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தை மாதம் முடியலாம். அவனுக்கும் அவனுக்கு வருகிறவளுக்கும் பெரிய மண்டபம் வேண்டுமென்றால் பெரிய மண்டபம். வீட்டு வாசலில் இருபது பேர் போதும் என்றால் இருபது பேர். அதில் என் பேச்சோ உங்கள் பேச்சோ எடுபடாது.

பெரியவர்கள் சிலர் நேற்று போன் செய்து, வருகிற ஞாயிறு அம்மாவை ஆர்க்காட்டுக்கு அழைத்துவரச் சொன்னார்கள். அம்மா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். அம்மா வரமாட்டார், நானும் அழைத்து வரமாட்டேன். பேச வேண்டியவர்கள் சத்துவாச்சாரிக்கு வரட்டும், ஸ்கூல் விட்டு ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். அம்மா தூங்கப் போன பிறகு வந்தால் இன்னும் நல்லது.