பர்கர் ருசி கல்லில் இருக்கிறது

நல்ல பர்கர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் சீஸ் வழியும் போட்டோக்களை அனுப்பிவிடுகிறார்கள். போட்டோவில் எல்லா பர்கரும் அழகுதான். கடைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது பேட்டி, அதாவது பன்னுக்குள் வைக்கும் அரைத்த கறி வட்டு, சுடும் கல்லை. அப்புறம் அந்தக் கல்லுக்கு முன்னால் நிற்பவரின் கையை.

கரி ஏறிய பழைய கல்லில்தான் ருசி வரும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கல் பழகுவது வேறு, அழுக்கு ஏறுவது வேறு. நன்றாகச் சூடேறிய கல்லில் கறி நேராகப் பட்டால்தான் அந்தப் பழுப்பு மொறுமொறுப்பு வரும். நடுவில் முந்தைய பேட்டியின் கருகல் இருந்தால் கசப்புதான் மிஞ்சும். ஒவ்வொரு முறையும் கல்லைச் சுரண்டிவிட்டு அடுத்த பேட்டியைப் போடுகிற கடையில் பர்கர் மோசமாக இருந்து நான் பார்த்ததில்லை. சுத்தமும் ருசியும் ஒரே பழக்கத்திலிருந்து வருபவை என்பது என் கட்சி.

பர்கரில் சுத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. முழுத்துண்டு மாட்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேல்பரப்பில்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துவிடும். அரைத்துவிட்டால் மேலே இருந்தது உள்ளே போய்விடும். 1993-இல் அமெரிக்காவில் பல கிளைகள் கொண்ட ஒரு கடையின் சரியாக வேகாத பர்கர்களால் 700 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 4 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா. அரைத்த மாட்டுக்கறி நடுவில் 71 டிகிரி செல்சியஸ், கோழி என்றால் 74 டிகிரி சூட்டை எட்ட வேண்டும் என்பது அங்குள்ள அரசின் அறிவுரை. நிறத்தை நம்ப முடியாது, அந்தச் சூட்டுக்கு முன்பே கறி பழுப்பாகிவிடலாம். எனவே கிச்சனில் தெர்மாமீட்டரைப் பார்த்தால் எனக்கு அந்தக் கடைமேல் தனி மரியாதை.

அரைத்த கறி மீதான சந்தேகம் அதைவிடப் பழையது. 1921-இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் தொடங்கிய ஒயிட் காசில் என்ற பர்கர் நிறுவனம், கடையையே வெள்ளை வெளேரென்று கட்டி, வாடிக்கையாளர் கண்ணெதிரே பேட்டி சுட்டுக் கொடுத்தது. பர்கர் வியாபாரம் வளர்ந்ததே கிச்சனைத் திறந்து காட்டித்தான். இன்று அதை மறைக்கும் கடைகள் என்ன நினைக்கின்றன என்று தெரியவில்லை.

கையுறையைப் பார்த்து நிம்மதி அடைபவர்களும் உண்டு. பச்சைக் கறியைத் தொட்ட அதே கையுறையோடு பன்னை எடுத்து, லெட்டூஸ் வைத்து, கல்லாவில் சில்லறையும் கொடுத்தால் அது யாருக்குப் பாதுகாப்பு? அவர் கைக்குத்தான். லெட்டூஸும் தக்காளியும் வேகப்போவதில்லை, அதில் ஒட்டியது அப்படியே நம் வாய்க்கு வரும். அடிக்கடி சோப்பு போட்டுக் கழுவும் வெறுங்கையே மேல். எல்லாவற்றையும் துடைக்கும் அந்த ஒரே ஈரத்துணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதிவு முடியாது.

பேட்டி உள்ளே வேகாமல் வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பேட்டியை மட்டும் மறுபடி சுட்டு அதே பன்னில் வைத்துத் தரக் கூடாது. வேகாத கறியின் சாறு அந்தப் பன்னில் ஏற்கெனவே ஊறியிருக்கும். புதுப் பன், கழுவிய தட்டு, இரண்டும் வேண்டும்.