அந்தத் தோடர் படத்தைப் பகிராதீர்கள்

ரெண்டு நாளாக எல்லார் பக்கத்திலும் ஓடுகிற அந்த நீலகிரிப் பழங்குடித் தோடர் தம்பதி படத்தைத்தான் சொல்கிறேன். 1870களின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஏஐயில் போட்டு வண்ணமாக்கி, அவர்கள் போர்த்தும் பூத்துக்குளிக்கு மயில்நீலக் கரை கொடுத்திருக்கிறார்கள். கீழே 'தத்ரூபம்' என்று வரிசையாகப் பாராட்டு. அது அவர்கள் உடையே இல்லை.

பூத்துக்குளி வெள்ளைப் பருத்திப் போர்வை. அதில் தோடர் பெண்கள் இழையை எண்ணி எண்ணி, சிவப்பு நூலாலும் கறுப்பு நூலாலும் பூவேலை செய்கிறார்கள். முன்கூட்டி வரைந்துகொள்வதுகூட இல்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு. நீலகிரியில் இன்றும் போர்த்துகிறார்கள். ஒருவரிடம் கேட்டிருந்தால் போதும்.

சரி, அவர்களைக் கேட்க வேண்டாம், படத்தையாவது பார்த்திருக்கலாம். அன்று கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற ரசாயனக் கரைசலைப் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுத்துக் கழுவுவார்கள். அந்தத் தகட்டுக்கு நீலம் பளிச்சென்று தெரியும், சிவப்பு தெரியாது. நீலம் வெளுத்துப் போகும், சிவப்பு கறுப்பாக விழும். கறுப்பு வெள்ளை மூலப்படத்தில் அந்தக் கரை கன்னங்கரேலென்று இருக்கிறது. அது மயில்நீலமாக இருக்க வழியே இல்லை.

'அந்தக் காலத்திலேயே கையால் வண்ணம் தீட்டினார்களே' என்பார்கள். தீட்டினார்கள். ஜப்பானின் யோகோஹாமாவில் பெலிச்சே பியாட்டோ என்ற புகைப்படக்காரரின் ஸ்டூடியோவில் கிமோனோ படங்களுக்கு வண்ணம் வைத்தவர்கள் ஜப்பானிய ஓவியர்கள். அந்த உடையைத் தினமும் பார்த்தவர்கள். 'இளைஞர்களுக்கு ஆர்வம் வருமே' என்றால், தப்பான நிறத்தில் வரும் ஆர்வம் யாருக்கு வேண்டும்?

எங்கள் ஆச்சிக்கு இருந்தது ஒரே படம். சட்டம் போடக் கொடுத்த கடையில், கேட்காமலே வண்ணம் சேர்த்து, ஆச்சியை வெளுப்பாக்கிக் கொடுத்தார்கள். அம்மா கையில் வாங்கவே இல்லை. "எங்கம்மா கறுப்புப்பா" என்றார். கடைக்காரர் "இப்பத்தாம்மா லட்சணமா இருக்காங்க" என்றார். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு ஆறவில்லை. இந்தத் தோடர் பெண்ணின் முகத்தையும் அப்படித்தான் வெளுத்திருக்கிறார்கள். அந்தத் தகடு மாநிறத்தை இன்னும் கறுப்பாகக் காட்டும் என்பது உண்மை. அதற்காக ரோஜா நிறமா? நம் ஆட்களை நாமே எப்போது இருக்கிறபடி பார்க்கப் போகிறோம்?

1873இல் மார்ஷல் என்ற ராணுவ அதிகாரி, மண்டை அமைப்பை வைத்துக் குணம் கணிக்கிறேன் என்று தோடர்களைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார், படங்களோடு. அவர்கள் யார் என்று அவர்களைத் தவிர எல்லாரும் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள்.

இதையெல்லாம் அந்தப் பதிவின் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். என்னை பிளாக் செய்துவிட்டார்கள். பகிர்ந்த நண்பர்களே, நீங்களாவது எடுத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளை மூலப்படம் கமெண்டில் இருக்கிறது, அதைப் போடுங்கள்.