க்யூ கேஸின் உள்ளளவைச் சொல்ல என்னதான் கஷ்டம்?

பூல் ஆடுகிற கோலை, அதாவது க்யூவை, வைத்துக்கொள்ள ஒரு நல்ல கேஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மனுஷனை இந்தப் பாடு படுத்துகிறார்கள்.

ஆன்லைனில் எந்தக் கடையைப் பார்த்தாலும், "பூல், ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் எல்லாவற்றுக்கும் ஏற்றது" என்று போட்டிருக்கிறது. பச்சைப் பொய். பூல் க்யூ ஏறக்குறைய 58 அங்குலம், சரிபாதியில் பிரியும். கையில் பிடிக்கிற தடித்த பாதியான பட் 29, பந்தை அடிக்கிற மெல்லிய பாதியான ஷாஃப்ட் 29. ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் பல பேர் வைத்திருப்பது, சரிபாதியில் பிரியாமல் முக்கால் பங்கில் பிரிகிற முக்கால் ஜாயின்ட் க்யூ. அதில் நீளமான துண்டே 40 அங்குலத்தைத் தாண்டும். அது எப்படி ஐயா பூல் கேஸுக்குள் போகும்?

சரி, பூல் க்யூவுக்காவது விவரம் ஒழுங்காக இருக்கிறதா? நிறம் இருக்கிறது, எடை இருக்கிறது, வெளி நீளம் இருக்கிறது. உள்ளே எத்தனை அங்குலம் என்பது மட்டும் கிடையாது. வாங்குகிறவனுக்கு வேண்டியதே அந்த ஒரு அளவுதான்! இப்போது 30 அங்குல ஷாஃப்டும் வருகிறது. இரண்டு பாதியும் சேருகிற ஜாயின்டைக் காக்கும் மூடியையும் அதில் திருகினால் இன்னும் நீளும். மூடியோடு வைத்தால் கேஸ் மூடாது. மூடியைக் கழற்றினால் ஜாயின்டுக்குள் தூசியும், க்யூ நுனியில் தேய்க்கிற சாக் பொடியும் போய் உட்காரும்.

கடைக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"அண்ணா, உள்ளளவு எவ்வளவு?"

"எல்லா ஸ்டிக்கும் போகும் சார்."

"30 இஞ்ச் ஷாஃப்ட் போகுமா?"

"தாராளமா போகும் சார்."

வந்த கேஸில் ஷாஃப்டின் நுனியில் இருக்கிற டிப், கேஸின் மூடியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அழுத்தி மூடினால் டிப் நசுங்கும். பட்டில் ரப்பர் க்ரிப் போட்டிருக்கிறேன், அது கேஸின் உள்குழாயில் பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், எடுக்க மாட்டோம் என்கிறார்கள். பிரிக்காமல் எப்படி உள்ளே வைத்துப் பார்ப்பது? வயிறு எரிகிறது.

இன்னொரு அநியாயம் இந்த 2×2, 2×4 கணக்கு. முதல் எண் பட், இரண்டாவது ஷாஃப்ட். இரண்டு பட், இரண்டு ஷாஃப்ட் வைக்கிற கேஸை, "நாலு ஸ்டிக் வைக்கலாம்" என்று கூசாமல் விற்கிறார்கள். அதை நம்பி, ஆடுகிற க்யூவையும், முதல் அடிக்கான பிரேக் க்யூவையும், பந்தை எம்பிக் குதிக்க வைக்கிற ஜம்ப் க்யூவையும் ஒன்றாகக் கொண்டுபோக நினைக்கிற பையன் என்ன செய்வான்?

விலை குறைந்த துணிப் பைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஜிப்பைத் திறந்தால் உள்ளே தடுப்பே இல்லை. பட்டும் ஷாஃப்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. வண்டி ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போதும் முதுகுக்குப் பின்னால் டக் டக் என்று மோதுகிற சத்தம் கேட்கிறது. ஜாயின்டில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புத் திருகு மேப்பிள் ஷாஃப்டில் கோடு கிழித்தால், அடிக்கிற ஒவ்வொரு அடியிலும் அந்த இடம் விரலில் தட்டுப்படும். தோள்பட்டை வாரைப் பிடித்திருப்பதோ மெல்லிய பிளாஸ்டிக் கொக்கி. ஆயிரக்கணக்கில் காசு கொட்டி வாங்கிய க்யூ அதில்தான் தொங்குகிறது.

வெளியூர்ப் போட்டிக்குப் போகிறவர்கள் பாடு இதைவிட மோசம். விமானத்தில் க்யூவைக் கையோடு எடுத்துப் போக விடமாட்டார்கள், லக்கேஜில்தான் போட வேண்டும். அங்கே மூட்டையோடு மூட்டையாக விழுகிற பெட்டி கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளே இருக்கிற க்யூ ஆடக் கூடாது. அளவு சரியாக இருந்தால்தானே ஆடாமல் இருக்கும்! இடம் அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

விற்கிற அண்ணன்மார்களே, ஒரு இஞ்ச் டேப்பைக் குழாய்க்குள் விட்டுப் பார்க்க அரை நிமிஷம் போதும். நீளம் எவ்வளவு, வாய் எவ்வளவு அகலம், எத்தனை பட், எத்தனை ஷாஃப்ட் என்று எழுதிப் போடுங்கள். நிறத்தைப் பிறகு சொல்லலாம்.